மடிக்கொடியின் உயரம்

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், உத்தரத்திலிருந்து இரண்டு கயிறுகளில் ஒரு மூங்கில் கழி தொங்கும். அதுதான் மடிக்கொடி. அப்பா மறுநாள் உடுத்தப்போகிற வேஷ்டியைத் துவைத்து அதன்மேல் உலர்த்திவிட்டால், அடுத்த நாள் காலை குளித்துவிட்டு வந்து எடுக்கிற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. விரல் நுனி பட்டாலும் மடி போயிற்று. போகிறவர் வருகிறவர் தலைகூட உரசிவிடக்கூடாது என்றுதான் கழியை அவ்வளவு உயரத்தில் கட்டியிருந்தார்கள். துணியைப் போடுவதற்கும் எடுப்பதற்கும் ஒரு நீளமான கோல் உண்டு. அது எப்போதும் சுவர் மூலையில் சாய்ந்திருக்கும்.

அப்பாவுக்கு ஸ்ரீரங்கம் கோவில் மடப்பள்ளியில் தளிகைக் கைங்கர்யம். பெருமாளுக்குச் சமைக்கிற வேலை என்று கல்லூரி நண்பர்களுக்கு நான் விளக்குவேன். வேலை என்று சொன்னது அப்பாவின் காதில் விழுந்தால் அன்றைக்குப் பூராவும் என்னோடு பேச மாட்டார். வருஷக்கணக்காகப் பானைகளைத் தூக்கி இறக்கி அவருடைய வலது தோள் இறுகிப் போயிருந்தது. சோற்றைப் பிசைவார், கரண்டி பிடிப்பார், விறகு தள்ளுவார். கை மட்டும் தோளுக்கு மேல் எழும்பாது. கோலைத் தூக்கிக் கொடியில் வேஷ்டியைப் போடவோ எடுக்கவோ அவரால் முடியாது.

அம்மா இருந்தவரைக்கும் அம்மாதான் போட்டாள், எடுத்துக் கொடுத்தாள். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் சிறுநீரகக் கோளாறில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அது என் பொறுப்பாயிற்று. விடிவதற்கு முன்னால் அப்பா எழுப்புவார். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் துண்டோடு வந்து, கோலால் வேஷ்டியை இறக்கி அவருடைய இடது கையில் போடுவேன். அந்த நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எனக்கு அது துளியும் பிடிக்காது. மார்கழியில் முதல் வாளியை ஊற்றிக்கொள்ளும்போது பெருமாளைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் வெளியே சொல்ல முடியாது. முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தேன் என்றாலும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

கல்லூரிக் கடைசி வருஷம், ஆடி மாதம். கொள்ளிடத்தில் தண்ணீர் நன்றாக வந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவன் கரையில் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். குழந்தைக்கு முடியிறக்க வெளியூரிலிருந்து வந்த குடும்பம் அது. குளிக்க இறங்கிய தகப்பனை மணல் பள்ளம் இழுத்துக்கொண்டுவிட்டது. தீயணைப்பு வண்டி கரை மேல் நின்றது. காக்கி டவுசரோடு இரண்டு பேர் படகிலும், தொந்தியும் பெரிய மீசையுமாக ஒருவர் இடுப்பளவு தண்ணீரிலும் இருந்தார்கள். கரையில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழக்கூடச் செய்யாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேடினார்கள், உடல் கிடைத்தது. மீசைக்காரர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் அந்த மனிதரின் இடுப்பில் சுற்றினார். கரை வழுக்கலாக இருந்தது. தூக்குவதற்கு ஆள் போதவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார். முன்னால் நின்றவர்களெல்லாம் ஆளுக்கு ஓரடி பின்னால் போனார்கள். நான் போகவில்லை, அவ்வளவுதான். தைரியம் என்று சொல்ல மாட்டேன், எனக்குக் கால் நகரவில்லை.

"தம்பி, காலைப் புடிங்க," என்றார். பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. பயத்தில் வேகமாக மேலே இழுத்துவிட்டேன்.

"மெதுவா. அவங்க சம்சாரம் பாக்குறாங்க."

குரலை உயர்த்தாமல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் மெதுவாக நடந்தேன். தூங்குகிற ஆளைக் கொண்டுபோகிற மாதிரி அவரைக் கொண்டுபோய்ப் பாயில் படுக்க வைத்தோம். மீசைக்காரர் அவருடைய தலைமுடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணைக் கிட்டே வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று அப்பாவிடம் சொன்னேன். துணியோடு கிணற்றடிக்குப் போய் ஸ்நானம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். படுத்தும் தூங்கிவிட்டேன்.

விடியற்காலையில் கோல் விழுகிற சத்தம் கேட்டு விழித்தேன். அப்பா என்னை எழுப்பவில்லை. இடது கையால் கோலைத் தூக்கி வேஷ்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். கோல் ஒரு பக்கமும் வேஷ்டி ஒரு பக்கமுமாகத் தரையில் கிடந்தன. தரையில் விழுந்த வேஷ்டி மடிக்கு ஆகாது. நான் ஓடிப்போய், நேற்றே குளித்தாயிற்றே, இப்போதும் குளித்துவிட்டு எடுத்துத் தந்திருப்பேனே என்றேன். அவர் வேஷ்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நனைத்து, ஒரு முனையைத் துணிதுவைக்கிற கல்லில் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் பிழிந்து, அப்படியே ஈரமாக உடுத்திக்கொண்டு கோவிலுக்குப் போனார். ஈரமும் மடிதான், குற்றமில்லை. ஆனால் அந்த வயதில் நாலு நாள் ஈரத்தோடு நின்றால் நெஞ்சில் சளி கட்டிவிடும். கட்டியது. அந்த வாரம் முழுக்க இருமினார். காய்ச்சலும் வந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவர் யாரோ எவரோ, நமக்குத் தீட்டு என்ன, குளித்தால் போதும் என்று நீங்களே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கஷாயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாஸ்திரத்துல ஸ்நானம் பண்ணினா போறும்னுதான் இருக்கு," என்றார். "என் மனசுக்குத்தான் போறல."

கொஞ்ச நாளில் மறுபடியும் என்னை எழுப்ப ஆரம்பித்தார். நானும் மறுபடியும் முணுமுணுத்துக்கொண்டே கோலைத் தூக்கினேன்.

தீயணைப்புத் துறைக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் நெருப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நெருப்பின் மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. நெருப்பு எங்கள் வீட்டில் அப்பாவின் இலாகா. என் மனதில் நின்றதெல்லாம் அந்த மீசைக்காரர் சொன்ன ஒரு வார்த்தை. மெதுவா. எங்கள் அம்மாவை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து வண்டிக்கு மாற்றியபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். ஆனால் அம்மாவின் தலை இரும்பில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்காக மெதுவாகத் தூக்குகிற வேலை ஒன்று உலகத்தில் உண்டு என்பது கொள்ளிடக் கரையில்தான் எனக்குத் தெரிந்தது.

போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே பரீட்சைதான். மன்னார்புரத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் போலீஸ்தான் முதல் விருப்பம். எனக்குத் தீயணைப்பு என்றதும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "உங்கப்பா அடுப்பு மூட்டுறாரு, நீ அணைக்கப் போறங்கிற. முதல்ல வீட்டுல ஒரு முடிவுக்கு வாங்கடா," என்று ஒருவன் கிண்டல் பண்ணினான். அப்பாவிடமும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டார். எழுதுகிறவர்களெல்லாமா பாஸ் பண்ணுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கயிறு ஏறிப் பழகி என் உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவைத்தார்.

பாஸ் பண்ணிவிட்டேன். ஓட்டம், தாண்டல், கயிறு எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். பயிற்சியில் சேரும்படி உத்தரவு வந்தது. அது வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்தது.

பயிற்சி சென்னைப் பக்கம், மாதக்கணக்கில். அது முடிந்து வேலை எங்கே கிடைத்தாலும் இரவு பகல் என்று ஸ்டேஷனிலேயே கிடக்க வேண்டும். விடியற்காலையில் கோலைத் தூக்கிக் கொடுக்க நான் இருக்க மாட்டேன். அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்கலாம் என்றால், தினமும் விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து நிற்க எவன் வருவான்? தினமும் ஈர வேஷ்டி என்றால் அப்பா படுக்கையில் விழுவார். கைங்கர்யம் நின்றுவிடும். அம்மா போன பிறகும் அவர் எழுந்து நடமாடியதே அந்த மடப்பள்ளிக்குப் போக வேண்டும் என்பதால்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தோம்.

காட்டூரிலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. அவள்தான் போட்டு உடைத்தாள். டிகிரி முடித்த பிள்ளை ஏன் இப்படி ஆற்றிலும் கிணற்றிலும் பிணம் தேடிக்கொண்டு போக வேண்டும், பாங்குப் பரீட்சை எழுதட்டுமே என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "அத்திம்பேர், நீங்க எங்களோட வந்து இருங்கோளேன்," என்றாள். அப்பா சிரித்தார். காட்டூரிலிருந்து கிளம்பி, ஊரைச் சுற்றி, காவேரியைத் தாண்டி, விடிவதற்குள் மடப்பள்ளிக்கு எப்படி வருவது? சித்திக்கும் அது தெரியும். கேட்காமல் போனால் தன் மனது கேட்காது என்பதற்காகக் கேட்டாள். போகும்போது என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கொடியை இறக்கிக் கட்டிவிட்டால் என்ன? அப்பாவின் மார்பு உயரத்துக்குக் கட்டினால் கோலும் வேண்டாம், நானும் வேண்டாம். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா இத்தனை நாள் தவித்தோம் என்று எனக்குச் சிரிப்பே வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அப்பா வந்து பார்த்தார். என்னைத் திட்டி நான் அதிகம் கேட்டதில்லை. அன்றைக்குத் திட்டினார்.

"இறங்குடா கீழே. இந்த ஆத்துல கொடி தலைக்கு மேலதான் இருக்கும். போறவா வரவா புடவை படும், துண்டு படும். உங்கம்மா இருந்த வரைக்கும் ஒருநாள் பட்டதில்லை, தெரியுமோ?"

நான் இறங்கிவிட்டேன். புடவை கட்டுகிறவர் யாரும் இந்த வீட்டில் இல்லையே அப்பா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை.

சேர வேண்டிய நாள் நெருங்கியது. நான் முடிவு செய்துவிட்டேன். போவதில்லை. பாங்குப் பரீட்சை எழுதலாம், திருச்சியிலேயே ஏதாவது கம்பெனியில் கணக்கு எழுதலாம். ஒரு வேஷ்டிக்காகவா என்று யாராவது கேட்டால் ஆமாம், ஒரு வேஷ்டிக்காகத்தான் என்று சொல்லிவிடலாம். மறுநாள் விடியற்காலையில், வேஷ்டியை அவர் கையில் போட்டபோது, நான் போகவில்லை அப்பா என்று சொன்னேன்.

அவர் வேஷ்டியைக் கட்டி முடித்தார். திருமண் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இட்டுக்கொள்ளவில்லை.

"எனக்காக நீ நின்னுடலாம்," என்றார். "நீ நிப்பே, எனக்குத் தெரியும். ஆனா தெனம் காத்தால நீ கோலைத் தூக்கறச்சே நான் உன் மூஞ்சியைப் பார்க்கணுமே. அதுக்கு என்னால முடியாதுடா. போயிட்டு வா. முடிஞ்ச வரைக்கும் பார்த்துக்கறேன்."

திருமண் இட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கோலைப் பிடித்தபடி நின்றேன். போகச் சொன்னதில் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது.

பயிற்சி நாட்களில் தினமும் போன் பண்ணுவேன். என்ன சாப்பிட்டாய் என்பார். அரிசி கொட்டை கொட்டையாக இருக்கிறதென்றால் ஊற வைக்கச் சொல்ல வேண்டியதுதானே என்பார், நான் என்னவோ அங்கே சமையல் அதிகாரி மாதிரி. கைங்கர்யம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், "ஆயிண்டிருக்கு," என்பார். வேஷ்டியை யார் எடுத்துத் தருகிறார்கள் என்று கேட்டால் மழை பெய்ததா என்று கேட்பார். இருமல் சத்தம் கேட்கிறதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கவனிப்பேன். கேட்கவில்லை. யாரோ உதவிக்கு வருகிறார்கள் போல என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த யாரோவின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பயிற்சி முடிந்து திருச்சி மாவட்டத்திலேயே வேலை கிடைத்தது. முதல் தீ காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு சாக்குக் கொட்டகை. புகையைத் தவிர ஒன்றுமில்லை. முதல் உடல் கொள்ளிடத்தில்தான். ஒரு வயதானவர். கரையில் அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தான். கூட இருந்த புதுப் பையன் அவசரப்பட்டான். மெதுவா என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அது முடிந்த மறுநாள் எனக்கு ஓய்வு. வருகிறேன் என்று முன்பே போனில் சொல்லியிருந்தேன். ஸ்டேஷனில் ஒரு தடவை குளித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் காவேரியில் ஒரு தடவை முழுக்குப் போட்டேன். அப்பாவின் மனதுக்குப் போதாது என்பதால் வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் இன்னொரு தடவை குளித்துவிட்டுத்தான் அவர் முன்னால் நிற்பது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மத்தியானம். வாசல் கதவு திறந்திருந்தது. தெருவெல்லாம் வெயில், உள்ளே ஒரே இருட்டு. எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன், எனக்கு வெளிச்சம் எதற்கு? பையோடு விறுவிறுவென்று ரேழியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, கிணற்றடிக்குப் போக இரண்டாம் கட்டில் கால் வைத்தேன்.

முகத்தில் துணி வந்து மோதியது.

ஒரு கணம் என்னவென்றே புரியவில்லை. ஈரம் காய்ந்தும் காயாததுமான பருத்தித் துணி. அடுப்புப் புகை வாசனை. அப்பாவின் வாசனை. நான் நகரவில்லை. மூங்கில் கழி மார்பில் இடித்து, அதன் மேலேயே கவிழ்ந்திருந்தேன். மேலே, அது இருக்க வேண்டிய இடத்தில், வெறும் உத்தரம்தான் தெரிந்தது. நீளமாகத் தொங்கவிட்ட புதுக் கயிற்றில், இடது கையால் போட்ட கோணல் முடிச்சுகள். மூலையில் கோலைக் காணோம்.

நேற்றுப் பிணம் தூக்கியவன் முகம் அப்பாவின் மடி வேஷ்டியில் புதைந்திருந்தது.

அப்பா கிணற்றடியிலிருந்து வந்தார். இளைத்திருந்தார். "அப்பா, பட்டுடுத்து," என்றேன். அன்றைக்கு ஸ்டூலில் நின்றபோது வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. அதையே மறுபடி கேட்டாலும் தேவலை என்றிருந்தது.

அவர் என்னையும் வேஷ்டியையும் பார்த்தார். கோபமே இல்லை.

"தொடறதுக்கு ஆத்துல யார் இருக்கான்னுதான்டா இறக்கிக் கட்டிண்டேன்," என்றார். "நீ வரேன்னது நினைவில்லாம போயிடுத்து."

கையை நீட்டி, எட்டாமல் போன அந்தக் கையாலேயே, கொடியிலிருந்து வேஷ்டியை எடுத்தார். கஷ்டமே இல்லாமல் வந்தது. அதை மறுபடி நனைக்கக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். நான் பின்னாலேயே போய், குளித்துவிட்டு நானே பிழிந்து தருகிறேன் என்றேன். சரி என்றார். பிழிந்து கொண்டுவந்தபோது, நான் இருக்கிற வரைக்குமாவது கொடியைப் பழையபடி மேலே கட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "நாளைக்கு மறுபடி இறக்கணும்."